காலச்சுவடு (இதழ்)

காலச்சுவடு என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட தமிழ் இலக்கிய, பண்பாட்டு இதழ் ஆகும். எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1988ஆம் ஆண்டு இதனைக் காலாண்டிதழாகத் தொடங்கினார். சில ஆண்டுகளில் நின்றுபோன இவ்விதழ், 1994ஆம் ஆண்டு அவருடைய மகன் கண்ணனின் பொறுப்பில் மீண்டும் வெளிவந்து, பின்னர் மாத இதழாக வளர்ந்தது. இதனோடு இணைந்த காலச்சுவடு பதிப்பகம் தமிழின் முக்கியப் பதிப்பகங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தமிழில் தோன்றிய சிற்றிதழ்களுள் பெரும்பாலானவை சில இதழ்களோடு நின்றுபோயின. அவ்வாறு நின்ற ஒரு சிற்றிதழ் மீண்டெழுந்து, தலைநகருக்கு வெளியே இருந்துகொண்டே ஒரு நிறுவனமாக நிலைபெற்றது என்பதால் காலச்சுவடின் வரலாறு தமிழ் இதழியலில் தனிக் கவனம் பெறுகிறது. ஒரு தனிமனிதரின் முயற்சி நிறுவனமாக மாறும்போது அது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்ற வினாவும் இவ்வரலாற்றோடு பிணைந்துள்ளது.

பின்னணி

சிற்றிதழ் மரபு

பெரு வணிக நிறுவனங்களின் முதலீடு இன்றி, குறைந்த படிகள் அச்சிடப்பட்டு, இலக்கியம், சிந்தனை ஆகியவற்றில் ஈடுபாடு கொண்ட சிறு வாசகர் வட்டத்தை நோக்கி வெளியிடப்படும் இதழ் சிற்றிதழ் எனப்படும். இது சிறுபத்திரிகை என்றும் அழைக்கப்படுகிறது. 1933இல் தோன்றிய மணிக்கொடி தமிழ்ச் சிறுகதைக்கு வழி வகுத்தது. சி. சு. செல்லப்பா 1959 சனவரியில் தொடங்கிய எழுத்து, 1970 வரை வெளிவந்து புதுக்கவிதைக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் களமாக அமைந்தது. அதன்பின் நடை, கசடதபற, பிரக்ஞை எனப் பல இதழ்கள் தோன்றின.

இவ்விதழ்களுள் பல, அட்டையில் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்ற குறிப்போடு வெளிவந்தன. முறையாகப் பதிவு செய்யப்பட்ட இதழுக்கு அஞ்சல் துறை சலுகைக் கட்டணம் வழங்குகிறது. ஆனால் அதற்கு இதழ் குறித்த காலத்தில் தவறாது வெளிவர வேண்டும். கையில் பணம் சேரும்போது மட்டும் அச்சேறும் சிற்றிதழால் அவ்வாறு உறுதி கூற இயலாது. எனவே பதிவின்றி, நண்பர்களுக்குள் சுற்றும் இதழ் என்ற நிலையிலேயே அவை இயங்கின.

நாஞ்சில் நாடு

அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்களை உள்ளடக்கிய நிலப்பகுதி நாஞ்சில் நாடு என வழங்கப்படுகிறது. திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் உள்ளது, திருவனந்தபுரமோ 70 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உள்ளது. இதனால் இப்பகுதி எழுத்தாளர்கள் பலருக்கு மலையாள இலக்கியத்தோடு நேரடித் தொடர்பு இருந்தது.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ப. ஜீவானந்தம், கிருஷ்ணன் நம்பி, ஹெப்சிபா ஜேசுதாசன், பொன்னீலன், தோப்பில் முகமது மீரான், நாஞ்சில் நாடன், ஜெயமோகன் எனப் பல எழுத்தாளர்களையும் சிந்தனையாளர்களையும் இம்மாவட்டம் தமிழுக்கு அளித்துள்ளது. வனமாலிகையின் சதங்கை, ராஜமார்த்தாண்டனின் கொல்லிப்பாவை ஆகிய சிற்றிதழ்கள் காலச்சுவடுக்கு முன்பே இம்மாவட்டத்திலிருந்து வெளிவந்தவை. ஆகவே காலச்சுவடு தோன்றியபோது இப்பகுதியில் இதழ் நடத்தும் பழக்கமும், அதனைப் படித்து விவாதிக்கும் சிறு வட்டமும் இருந்தன.

நிறுவனர்

சுந்தர ராமசாமி (1931–2005) நாகர்கோவிலைச் சேர்ந்தவர். பள்ளியில் மலையாளமே பயின்ற அவர், ஏறத்தாழ 18 வயதிலேயே தமிழில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். குடும்பத் துணிக்கடையை நடத்திக்கொண்டே எழுதிவந்தார். 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலர் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டதே அவருடைய முதல் இதழியல் முயற்சி எனலாம். பின்னர் தொ. மு. சி. ரகுநாதனின் சாந்தி, வ. விஜயபாஸ்கரனின் சரஸ்வதி ஆகிய இடதுசாரிச் சார்புள்ள இதழ்களில் சிறுகதைகள் எழுதினார். பசுவய்யா என்ற புனைபெயரில் எழுத்து இதழில் கவிதைகள் எழுதினார்.

ஒரு புளியமரத்தின் கதை (1966), ஜே.ஜே: சில குறிப்புகள் (1981), குழந்தைகள் பெண்கள் ஆண்கள் (1998) ஆகிய மூன்றும் அவருடைய புதினங்கள். தகழி சிவசங்கரப் பிள்ளையின் செம்மீன், தோட்டியின் மகன் ஆகியவற்றை மலையாளத்திலிருந்து தமிழாக்கினார். நாகர்கோவிலில் காகங்கள் என்ற பெயரில் இலக்கிய விவாதக் கூட்டங்களையும் நடத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் நடத்திய சிற்றிதழ்களில் எழுதிப் பெற்ற பட்டறிவோடும் நண்பர் வட்டத்தோடும் தம் 57ஆம் வயதில் அவர் இதழாசிரியர் ஆனார்.

முதற் கட்டம் (1988–1991)

காலச்சுவடின் முதல் இதழ் 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. கதை, கவிதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு, நூல் மதிப்புரை ஆகியவை இதன் உள்ளடக்கமாக இருந்தன. எட்டுக் காலாண்டிதழ்களும், 1991இல் ஒரு சிறப்பு மலரும் வெளியான பின் இதழ் நின்றது.

இக்கட்டத்தில் காலச்சுவடு முழுமையாக ஒரு சிற்றிதழாகவே இருந்தது. இத்தகைய இதழ்களில் ஆசிரியரே படைப்புகளைக் கேட்டுக் கடிதம் எழுதுவார், அவரே மெய்ப்புத் திருத்துவார், அச்சகத்திற்கு அலைவார், உறையில் முகவரி எழுதி அஞ்சலில் சேர்ப்பார். கூலியின்றி உழைக்கும் ஓரிரு நண்பர்களே பணியாளர். இம்முறையின் வலிமை, ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆசிரியரின் தேர்வு தெரிவது. அதன் பலவீனமும் அதுவே: ஆசிரியர் களைப்புற்றாலோ, தம் சொந்த எழுத்துக்குத் திரும்ப விரும்பினாலோ இதழ் நின்றுவிடும். சிற்றிதழ்களின் ஆயுள் குறைவாக இருப்பதற்குப் பணமின்மையைப் போலவே இதுவும் ஒரு காரணம் ஆகும்.

இரண்டாம் கட்டம் (1994 முதல்)

1994ஆம் ஆண்டு இதழ் மீண்டும் தொடங்கியபோது சுந்தர ராமசாமி ஆசிரியர் பொறுப்பை ஏற்கவில்லை. அவருடைய மகன் கண்ணன் (எஸ். ஆர். சுந்தரம்), கவிஞர்கள் மனுஷ்ய புத்திரன், லட்சுமி மணிவண்ணன் ஆகிய இளைஞர்கள் இதழை நடத்தினர். நிறுவனர் விலகி நின்று எழுத்தாளராக மட்டும் பங்களிக்க, அடுத்த தலைமுறை பொறுப்பேற்ற இம்மாற்றமே இதழின் வரலாற்றில் முதன்மையான திருப்பம் ஆகும்.

புதிய குழு, இலக்கியத்தோடு அரசியல், சமூகம், ஊடகம், கல்வி, சூழலியல், பெண்ணியம், தலித்தியம் ஆகியவற்றையும் இதழின் எல்லைக்குள் கொண்டுவந்தது. நீண்ட நேர்காணல்கள், சிறப்புப் பகுதிகள், வாசகர் கடிதங்கள் ஆகியவை முக்கியத்துவம் பெற்றன. காலாண்டிதழாக இருந்தது இருமாத இதழாகி, பின்னர் 2004இல் மாத இதழாயிற்று. 100ஆவது இதழ் 2008இலும், 200ஆவது இதழ் 2016இலும் வெளியாயின.

தொழில்நுட்ப மாற்றமும் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றது. 1980கள் வரை சிற்றிதழ்கள் பெரும்பாலும் ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் அச்சகங்களையே சார்ந்திருந்தன. 1990களில் கணினி அச்சுக்கோப்பும் ஆஃப்செட் அச்சும் பரவலாயின. இதனால் பக்கங்களை நாகர்கோவிலிலேயே வடிவமைத்து வேறு நகரில் அச்சிடுவது எளிதாயிற்று. தலைநகரில் இருந்தால்தான் தரமான இதழ் நடத்த முடியும் என்ற நிலை மாறியது.

பணியாளரும் ஆசிரியர் குழுவும்

ஆண்டுக்கு 4 இதழ்கள் என்பது 12 இதழ்கள் ஆகும்போது வேலை மூன்று மடங்காகிறது. அத்துடன், காலாண்டிதழில் ஒரு கட்டுரை தாமதமானால் காத்திருக்கலாம். மாத இதழில் காத்திருக்க இயலாது. எனவே மாத இதழுக்கு ஊதியம் பெறும் பணியாளரும், பிரித்தளிக்கப்பட்ட பொறுப்புகளும் தேவைப்படுகின்றன. காலச்சுவடிலும் ஆசிரியர்-பதிப்பாளர், பொறுப்பாசிரியர், ஆசிரியர் குழு, ஆலோசனைக் குழு, வடிவமைப்பாளர், மெய்ப்பாளர், சந்தாப் பிரிவு என்ற அமைப்பு உருவாயிற்று.

இதழோடு வெவ்வேறு காலங்களில் தொடர்பு கொண்டிருந்தவர்களுள் சிலர்:

கண்ணன்: 1994 முதல் இதழின் பொறுப்பை ஏற்றவர், பதிப்பகத்தையும் நடத்துபவர்.

மனுஷ்ய புத்திரன்: மறுதொடக்கக் காலத்து ஆசிரியர்களுள் ஒருவர். பின்னர் விலகி, 2003இல் உயிர்மை இதழையும் பதிப்பகத்தையும் தொடங்கினார்.

லட்சுமி மணிவண்ணன்: மறுதொடக்கக் காலத்து ஆசிரியர்களுள் ஒருவர். பின்னர் சிலேட் என்ற சிற்றிதழை நடத்தினார்.

சுகுமாரன்: கவிஞர், மொழிபெயர்ப்பாளர். பொறுப்பாசிரியராகப் பணியாற்றினார்.

தேவிபாரதி: சிறுகதை, புதின எழுத்தாளர். பொறுப்பாசிரியராகப் பணியாற்றினார். நீர்வழிப்படூஉம் என்ற புதினத்திற்காக 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

ஆ. இரா. வேங்கடாசலபதி: வரலாற்றாய்வாளர். புதுமைப்பித்தன் படைப்புகளின் செம்பதிப்பைக் காலச்சுவடு வழியாகக் கொண்டுவந்தார். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

எம். எஸ். (எம். சிவசுப்பிரமணியன், 1929–2017): மொழிபெயர்ப்பாளர், மெய்ப்புத் திருத்துநர். நாகர்கோவில் வட்டத்தைச் சேர்ந்த பல எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளைச் செப்பனிட்டவர்.

இவர்களுள் எம். எஸ். ஆற்றிய பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. தமிழ்ப் பதிப்புலகில் படி திருத்துதல் என்பது நெடுங்காலம் எழுத்துப் பிழை பார்ப்பதோடு நின்றுவிட்டது. சொல்லாட்சியில் ஒருமை, தகவல் முரண், தேவையற்ற நீட்சி ஆகியவற்றை ஆசிரியரோடு கலந்து பேசித் திருத்தும் பழக்கம் மிக அரிதாகவே இருந்தது. பெயர் வெளியே தெரியாமல் இப்பணியைச் செய்தவர்களால்தான் சிற்றிதழ் சார்ந்த நூல்களின் மொழித்தரம் உயர்ந்தது.

ஆசிரியர் குழுவிலிருந்து விலகியவர்கள் தாமே இதழ்களைத் தொடங்கியது சிற்றிதழ் உலகில் வழக்கமான நிகழ்வாகும். கருத்து வேறுபாடு, பிரிவு, புதிய இதழ் என்ற இவ்வரிசை ஒரு நோக்கில் இழப்பு. மற்றொரு நோக்கில் இதழ்கள் பெருகும் முறை. உயிர்மை தமிழில் இன்னொரு பெரிய இலக்கிய இதழாகவும் பதிப்பகமாகவும் வளர்ந்தது இதற்குச் சான்று.

பொருளாதாரம்

தனித்து இயங்கும் ஓர் இதழுக்குத் தாள், அச்சு, கட்டுமானம், அஞ்சல், ஊதியம் ஆகியவை செலவுகள். சந்தா, கடை விற்பனை, விளம்பரம், நன்கொடை ஆகியவை வரவுகள். கடைகளில் விற்ற படிகளுக்குப் பணம் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். சில ஆயிரம் படிகள் மட்டும் செல்லும் இதழுக்குப் பெருநிறுவன விளம்பரங்கள் கிடைப்பது அரிது. ஆகவே இதழ் மட்டும் தன்னைத்தானே தாங்கிக்கொள்வது கடினம்.

நூல் பதிப்பு இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாக அமைந்தது. மாத இதழ் ஒரு மாதத்தில் பழையதாகிவிடும்; நூலோ பல ஆண்டுகள் விற்கும். அச்சுக்கோப்பு, மெய்ப்பு, வடிவமைப்பு ஆகியவற்றுக்கு ஒரே பணியாளரை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். இதழில் அறிமுகமாகும் எழுத்தாளரின் நூலைப் பதிப்பகம் வெளியிடலாம்; பதிப்பகத்தின் நூலை இதழின் வாசகர் வாங்குவர்.

தமிழ்நாட்டில் நூல்களின் மிகப் பெரிய கொள்முதலாளர் அரசே ஆகும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி உள்ளாட்சி வரியோடு நூலக வரியும் திரட்டப்படுகிறது. அந்நிதியைக் கொண்டு பொது நூலகங்களுக்கு நூல்களும் இதழ்களும் வாங்கப்படுகின்றன. சிறு பதிப்பகங்களுக்கு இக்கொள்முதல் உயிர்நாடி போன்றது. எனினும் அரசை விமரிசிக்கும் இதழ் அரசின் கொள்முதலையே பெரிதும் நம்பியிருந்தால் அதன் சுதந்திரம் கேள்விக்குள்ளாகும். எனவே புத்தகக் கண்காட்சி விற்பனை, வாழ்நாள் சந்தா, பிறமொழி உரிமை விற்பனை என வருவாய் வழிகளைப் பரப்பிக்கொள்வது தனியிதழ்களின் தற்காப்பு ஆகிறது.

காலச்சுவடு பதிப்பகம்

இதழ் மீண்டும் தொடங்கிய சிறிது காலத்தில் பதிப்பகமும் இயங்கத் தொடங்கியது. புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பு (2000), ஈழக் கவிஞர் சேரனின் நீ இப்பொழுது இறங்கும் ஆறு (2000), சல்மாவின் ஒரு மாலையும் இன்னொரு மாலையும் (2000), அவரது புதினமான இரண்டாம் ஜாமங்களின் கதை (2004) ஆகியவை கவனம் பெற்ற நூல்களுள் சில.

மொழிபெயர்ப்பில், ஓரான் பாமுக்கின் என் பெயர் சிவப்பு, அருந்ததி ராயின் சின்ன விஷயங்களின் கடவுள் (இரண்டும் ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பு), காப்ரியேல் கார்சியா மார்க்கேசின் தனிமையின் நூறு ஆண்டுகள் (ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் மொழிபெயர்ப்பு) ஆகியவை வெளிவந்தன. பெருமாள்முருகனின் பூக்குழி ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023ஆம் ஆண்டு பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு அவருடைய ஆளண்டாப்பட்சியின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜேசிபி இலக்கியப் பரிசைப் பெற்றது. இவ்விரு புதினங்களும் தமிழில் காலச்சுவடு வெளியீடுகள்.

தமிழ் இனி 2000

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையில் தமிழ் இனி 2000 என்ற இலக்கிய மாநாட்டைக் காலச்சுவடு முன்னின்று நடத்தியது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றின் எழுத்தாளர்கள் ஓரிடத்தில் கூடி இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்தை மதிப்பிட்டனர். அரசோ பல்கலைக்கழகமோ நடத்தாமல், ஒரு சிற்றிதழின் முன்முயற்சியில் இவ்வளவு பெரிய கூட்டம் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

விமரிசனங்களும் சர்ச்சைகளும்

2000களின் தொடக்கத்தில் தீராநதி, உயிர்மை, காலச்சுவடு ஆகியவை சிற்றிதழுக்கும் வெகுமக்கள் இதழுக்கும் இடைப்பட்டவை என்ற பொருளில் "இடைநிலை இதழ்கள்" எனப்பட்டன. வண்ண அட்டை, விளம்பரம், கடை விற்பனை ஆகியவற்றோடு வெளிவந்த இவை, சிற்றிதழின் எதிர்ப்புணர்வைக் கைவிட்டு நிறுவனங்களாகிவிட்டன என்று ஒரு சாரார் விமரிசித்தனர். சில நூறு பேருக்குள் சுற்றிய விவாதங்களைப் பல ஆயிரம் பேரிடம் கொண்டுசென்றதே இவற்றின் பங்களிப்பு என்று மறுசாரார் கூறினர்.

2005ஆம் ஆண்டு காலச்சுவடில் வெளியான சுந்தர ராமசாமியின் பிள்ளை கெடுத்தாள் விளை என்ற சிறுகதை தலித் பெண்களை இழிவாகச் சித்திரிக்கிறது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. கதையை வேறு வகையில் வாசிக்க வேண்டும் என்று வாதிட்டோரும் உண்டு. நிறுவனரின் கதையை அவரது குடும்பத்தார் நடத்தும் இதழ் வெளியிட்டதால், ஆசிரியர் குழுவின் பொறுப்பு என்ன என்ற வினாவும் இவ்விவாதத்தில் அடங்கியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுந்தர ராமசாமி அமெரிக்காவில் காலமானார்.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் புதினத்தைக் காலச்சுவடு 2010இல் வெளியிட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நூலுக்கு எதிரான போராட்டங்கள் வெடித்தன. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தினர் இதனை நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றனர். 2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அப்பேச்சுவார்த்தையின் முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அவருடைய கவிதைத் தொகுப்பான கோழையின் பாடல்கள், பூனாச்சி என்ற புதினம் ஆகியவற்றைக் காலச்சுவடே வெளியிட்டது.

நிறுவனமாதல் பற்றிய விவாதத்திற்கு இந்நிகழ்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. ஒரு நூலுக்காகப் பல மாதங்கள் எதிர்ப்பையும் வழக்கையும் தாங்கி நிற்க, நன்னோக்கத்தோடு நிலையான அலுவலகமும் பணியாளரும் தேவை.

பிற தனியிதழ்களோடு ஒப்பீடு

தனியிதழ்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே கேள்விகளை எதிர்கொள்கின்றன. இசை இதழ்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 1966இல் பால் வில்லியம்ஸ் என்ற மாணவர் கிராடாடி என்ற ராக் இசை இதழைத் தொடங்கினார். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ரோலிங் ஸ்டோன், பத்தாண்டுகளில் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்து பெருநிறுவனமாயிற்று. சென்னையில் 1983இல் நா. பட்டாபிராமன் தொடங்கிய ஸ்ருதி என்ற ஆங்கில இதழ், செவ்வியல் இசைக்கும் நடனத்திற்கும் களமாக அமைந்து, அவரது மறைவுக்குப் பின் வேறு ஆசிரியர்களின் பொறுப்பில் தொடர்ந்தது.

வளர்ந்தபோது நியூயார்க்குக்குப் பெயர்ந்த ரோலிங் ஸ்டோனைப் போலன்றி, காலச்சுவடு நாகர்கோவிலையே தலைமையிடமாகக் கொண்டது. ஸ்ருதியைப் போல அதுவும் நிறுவனருக்குப் பின் தொடர்ந்தது; ஆனால் அவர் உயிருடன் இருக்கும்போதே பொறுப்பு கைமாறியது.

காலவரிசை

1988: காலாண்டிதழாகத் தொடக்கம்
1991: சிறப்பு மலர், இதழ் நிற்றல்
1994: கண்ணன் பொறுப்பில் மறுதொடக்கம்
2000: தமிழ் இனி 2000 மாநாடு
2004: மாத இதழாதல்
2005: சுந்தர ராமசாமி மறைவு
2008: 100ஆவது இதழ்
2010: மாதொருபாகன் வெளியீடு
2016: 200ஆவது இதழ், மாதொருபாகன் வழக்கில் தீர்ப்பு

இவற்றையும் பார்க்க

சுந்தர ராமசாமி
சிற்றிதழ்
எழுத்து (இதழ்)
கொல்லிப்பாவை (இதழ்)
உயிர்மை (இதழ்)
நாஞ்சில் நாடு